வெயிலில் பிறக்கும் லேசர்

உங்களுக்குத் தெரியுமா?

● வெயிலைக் குவித்தே லேசர் கதிரை உண்டாக்கலாம். 1960-இல் தியோடர் மைமன் இயக்கிய முதல் லேசருக்கு ஒளி ஊட்டியது பளிச்சிடும் மின்விளக்கு. சில ஆண்டுகளிலேயே விளக்கின் இடத்துக்குச் சூரியன் வந்துவிட்டது. 1966-இல் அமெரிக்காவின் சி.ஜி. யங், 61 செ.மீ. அகல ஆடியால் வெயிலைக் குவித்து 1 வாட் லேசர் கதிரை எடுத்துக்காட்டினார்.

● குவிந்த வெயில், நியோடிமியம் என்ற உலோகம் கலந்த யாக் (YAG) எனும் படிகத்தாலான கம்பியின் மேல் விழும். கம்பியின் பருமன் ஒரு பென்சில் அளவுதான். அதிலுள்ள நியோடிமியம் அணுக்கள் ஒளியை வாங்கிக்கொண்டு, 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிராகத் திருப்பித் தரும். இரு முனை ஆடிகளுக்கிடையே ஓடி ஓடி அது வலுப்பெறும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உலோகத்தையே துளைக்கும்.

● நியோடிமியம் சூரிய ஒளியின் சில நிறங்களை மட்டுமே ஏற்கும். மிச்சத்தில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போவதால், கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குரோமியமும் சேர்த்தால் கூடுதல் நிறங்களை அது பிடித்து நியோடிமியத்துக்குக் கைமாற்றும்.

● எவ்வளவுதான் குவித்தாலும், வெயிலால் சூரியப் பரப்பின் சுமார் 5,500 டிகிரி செல்சியஸைத் தாண்டி எதையும் சூடாக்க முடியாது. லேசருக்கு அந்த வரம்பு இல்லை. அதனால்தான் ஜப்பானின் தகாஷி யாபே, மக்னீசியம் ஆக்சைடிலிருந்து மக்னீசியத்தைப் பிரித்து எரிபொருளாக்க வெயில் லேசரை முன்மொழிந்தார்.

● இன்றும் விழும் வெயிலில் சில சதவீதமே லேசராகிறது. சந்தைக்கு வர இன்னும் காலம் பிடிக்கும்.