வீணாய்ப் போகாத பிரயாசம்



உயிர்த்தெழுதலின் சத்தியத்தை ஈஸ்டர் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். மறுநாள் அதிகாலையில் குடத்தோடு குழாயடியில் நிற்கும்போதும், நெரிசலான மின்சார இரயிலில் வேலைக்குப் போகும்போதும் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் பரிசுத்த வேதாகமம் அந்தச் சத்தியத்தை நம் அன்றாடப் பாடுகளின் நடுவிலேயே கொண்டுவந்து வைக்கிறது.

உயிர்த்தெழுதலை மிக விரிவாய்ப் போதிக்கிற 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரம் யாருக்கு எழுதப்பட்டது? கி.மு. 146-இல் ரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44-இல் ரோமக் குடியேற்றமாக மீண்டும் உருவாக்கப்பட்டது. அங்கே குடியேறியவர்களில் அநேகர் விடுதலை பெற்ற அடிமைகள். பவுலுக்குத் தங்க இடங்கொடுத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கிலவுதியு ராயனின் கட்டளையினால் ரோமாபுரியை விட்டு வந்தவர்களே. அப்போஸ்தலனும் அவர்களோடு கூடாரத் தொழில் செய்தார் (அப். 18:1-3). ஆம், ஊரைவிட்டு வந்து பிழைத்தவர்கள் நிறைந்த பட்டணத்துக்கே இந்தச் செய்தி அனுப்பப்பட்டது.

மரணத்தின் தோல்வியையும் கடைசி எக்காளத்தையும் அறிவித்த பவுல், வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்படி சொல்லி முடிக்கவில்லை. கர்த்தருக்குள் படும் பிரயாசம் வீணல்ல என்று அறிந்து உறுதியாய் உழைக்கும்படி சொல்லுகிறார் (15:58). அடுத்த வசனமே தர்மப்பணத்தைக் குறித்தது! எருசலேமின் ஏழைகளுக்காக, வாரத்தின் முதல் நாளில், அதாவது ஆண்டவர் உயிர்த்தெழுந்த அதே கிழமையில், அவனவன் தன் வரவுக்குத் தக்கதாய்ச் சேர்த்துவைக்க வேண்டும் (16:1-2). அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டவை. பவுல் எழுதிய நிருபத்தில் எக்காளத் தொனிக்கும் கூலிப் பணத்துக்கும் நடுவே பிரிவு எதுவும் இல்லை.

"ஐயா, இருபது வருஷம் இட்லி விற்றும் சொந்தமாய் ஓர் அறைகூட இல்லை. என் வீட்டுக்காரரை அடக்கம்பண்ணின குழியிலும் இப்போது வேறொருவரை வைத்துவிட்டார்கள். எங்களுக்கென்று இந்த ஊரில் என்ன மிஞ்சியது?" என்று ஒரு விதவைத் தாயார் கண்ணீரோடு கேட்டார். இடநெருக்கடியுள்ள மாநகரங்களில் கல்லறைக் குழிகள் மறுபடியும் பயன்படுத்தப்படுவதை நாம் அறிவோம்.

விசுவாசித்தால் சீக்கிரம் வீடு கிடைக்கும் என்று அந்தத் தாயாருக்கு வாக்குக்கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் நம் ஆண்டவரும் அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பின் கல்லறையிலேயே வைக்கப்பட்டார் (மத். 27:57-60). சொந்தக் கல்லறை அவருக்கும் இருந்ததில்லை. மூன்றாம் நாளுக்குப் பின் அது அவருக்குத் தேவைப்படவுமில்லை! நித்திரையடைந்தவர்களை எழுப்புகிறவர் குழியின் எண்ணைத் தேடி வருகிறவரல்ல, தம்முடையவர்களை அறிந்திருக்கிறவர்.

அப்படியானால் விடியுமுன் அரைத்த மாவும், பிள்ளைகளின் படிப்புக்காகக் கட்டிய பணமும், தன் குறைவிலும் அடுத்த வீட்டு நோயாளிக்குக் கொடுத்தனுப்பிய கஞ்சியும் மண்ணோடு மண்ணாய்ப் போவதில்லை. மனிதர் மறந்தாலும் உயிரோடிருக்கிற ஆண்டவர் அவற்றை மறப்பதில்லை.

பிரியமானவர்களே, நாளைக் காலை வேலைக்குப் புறப்படுமுன் குடும்பமாய் 1 கொரிந்தியர் 15:58-ஐ வாசித்து ஜெபியுங்கள். அப்படியே 16:2 வரை தொடர்ந்து வாசியுங்கள். உயிர்த்தெழுந்த கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.