பேர்ல்: ஜானிஸ் ஜாப்ளினின் கடைசி ஆல்பம்

ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினின் ‘பேர்ல்’ ஆல்பம் 1971 ஜனவரியில் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒலிப்பதிவு முடியும் தறுவாயில், 1970 அக்டோபர் 4 அன்று, ஹாலிவுட்டில் தங்கியிருந்த ஹோட்டல் அறையில் ஹெராயின் அவர் உயிரைப் பறித்தது. வயது 27. ‘பேர்ல்’ நண்பர்கள் வட்டத்தில் அவருக்கு வழங்கிய செல்லப்பெயர். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்ற இந்த ஆல்பம், 1999இல் ரீமாஸ்டர் செய்யப்பட்டு மறுபடி கடைகளுக்கு வந்தது.

ஜானிஸ் பிறந்த ஊர் டெக்சாஸின் போர்ட் ஆர்தர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை நம்பி வாழ்ந்த ஊர்; வெள்ளையரையும் கறுப்பரையும் சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். வெள்ளையர் குடும்பத்தில் பிறந்த அவர், பெஸ்ஸி ஸ்மித், லெட் பெல்லி ஆகிய கறுப்பினக் கலைஞர்களின் ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டே பாடக் கற்றார். அந்தக் கடனை மறக்கவும் இல்லை. 1937இல் இறந்த பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெயர் பொறித்த கல் கிடையாது. 1970 ஆகஸ்டில் அங்கே கல் நாட்டப்பட்டபோது செலவில் ஒரு பங்கை ஜானிஸ் ஏற்றார். சோல் இசையில் அவருக்கு ஆதர்சம் ஓடிஸ் ரெடிங். 1966 இறுதியில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் ரெடிங் பாடியபோது, மேடையை ஒட்டி இடம் பிடிப்பதற்காகவே முன்கூட்டிப் போய்க் காத்திருந்தார்.

1967 மான்டரே இசைவிழா அவரை நாடறியச் செய்தது. ஆனால் அவர் குரலுக்கு ஈடுகொடுக்கும் குழு அமையச் சில ஆண்டுகள் ஆயின. பிக் பிரதர் குழுவில் வேகம் இருந்தது, கட்டுக்கோப்பு போதவில்லை. ஊதுகருவிகளோடு வந்த காஸ்மிக் ப்ளூஸ் குழுவில் ஒட்டுறவு குறைவு. பெரும்பாலும் கனடாக்காரர்களைக் கொண்ட ஃபுல் டில்ட் பூகி குழுதான் அவர் மூச்சறிந்து வாசித்தது. ‘தி டோர்ஸ்’ குழுவின் தயாரிப்பாளர் பால் ராத்சைல்ட், லாஸ் ஏஞ்சலிஸ் சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவை நடத்தினார்.

பத்துப் பாட்டுகளில் மூன்று, ஜெர்ரி ராகவோய் மற்றவர்களோடு சேர்ந்து எழுதிய சோல் பாட்டுகள். அவற்றில் ‘க்ரை பேபி’ 1963இல் கார்னெட் மிம்ஸ் பாடிப் புகழ்பெற்றது. ஜானிஸ் அதை உச்சக் கூவலில் தொடங்கி, சட்டென இறங்கிப் பேச்சுக்கு அருகே கொண்டுவருகிறார். ‘எ வுமன் லெஃப்ட் லோன்லி’ நேரெதிர்: தணிந்த குரலில், ஆர்கனின் நிழலில் தொடங்கி, படிப்படியாக ஏறுகிறது. அவரை வெறும் கத்தல் பாடகி என்று ஒதுக்கியவர்களுக்கு இந்த ஒரு பாட்டே போதுமான பதில். ‘மீ அண்ட் பாபி மெக்கீ’ கிரிஸ் கிறிஸ்டஃபர்சனின் நாட்டுப்புறப் பாணிப் பாட்டு. 1971இல் தனிப்பாடல் வரிசையில் முதலிடம் பிடித்தது. ஜானிஸ் அதைப் பதிவு செய்திருந்ததே கிறிஸ்டஃபர்சனுக்கு அவர் இறந்த பிறகுதான் தெரியவந்தது.

‘பரீட் அலைவ் இன் தி ப்ளூஸ்’ பாட்டில் குரலே இல்லை. வாத்தியப் பகுதி தயாராகிவிட்டது; மறுநாள் பாட வேண்டியவர் வரவில்லை. வேறு யாரையும் பாட வைக்காமல் அப்படியே சேர்த்தது ராத்சைல்டின் நேர்மை. ‘மெர்சிடிஸ் பென்ஸ்’ பாட்டிலோ குரல் மட்டுமே. அக்டோபர் 1 அன்று வாத்தியம் எதுவுமின்றி, காலால் தாளம் தட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் பாடி முடித்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

ரீமாஸ்டர் செய்பவர் எதையும் புதிதாக வாசிக்கச் சொல்வதில்லை. குரலும் வாத்தியங்களும் கலக்கப்பட்ட பின் கிடைத்த மூல நாடாவை மறுபடி ஓடவிட்டு, டிஜிட்டலுக்கு மாற்றி, ஒலியின் மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் சீர்செய்வதே வேலை. வினைல் தட்டில் பேஸ் ஒலி மிஞ்சினால் ஊசி துள்ளும் என்பதால், தட்டு வெட்டும்போதே அதை ஓரளவு அடக்கிவிடுவார்கள். சிடியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதிய வடிவில் ஃபுல் டில்ட் பூகி குழுவினரான பிராட் கேம்பெலின் பேஸ் கிதாரும் கென் பியர்சனின் ஆர்கனும் தனித்தனியே காதில் விழுகின்றன. குரலின் கரகரப்பைத் துடைத்து மெருகேற்ற யாரும் முயலாதது பெரும் ஆறுதல். அந்தக் கரகரப்பில்தான் பாட்டே இருக்கிறது.

1970 கோடையில் ரயிலிலேயே கனடாவைக் கடந்த ‘ஃபெஸ்டிவல் எக்ஸ்பிரஸ்’ பயணத்தில் அவர் மேடையில் பாடியவையும் மறுபதிப்புகளில் இணைக்கப்பட்டன. 2005 பதிப்பில் அவற்றுக்கென்றே இன்னொரு சிடி. மேடையில் ‘க்ரை பேபி’ நடுவே நெடுநேரம் ரசிகர்களோடு பேசுகிறார். ஸ்டுடியோவில் அதே இடத்தைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். 2012இல் வந்த ‘தி பேர்ல் செஷன்ஸ்’ தொகுப்பு, ஒரே பாட்டை அவர் திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்த பதிவுகளையும், இடையில் ராத்சைல்டோடு பேசிய பேச்சையும் வெளியிட்டது. வேகம் சரியில்லை என்றால் நிறுத்தச் சொல்லி, மறுபடி தொடங்கி, தான் விரும்பிய வடிவம் வரும்வரை உழைத்த பாடகியை அதில் கேட்கலாம்.