வாடகைச் சட்டமும் ஜார்ஜ்டவுன் பழநகரும்

முன்னுரை

அரசு இயற்றும் சட்டம் ஒன்று, தான் கருதாத விளைவுகளையும் தோற்றுவிக்க வல்லது. ஒரு நகரத்தின் தோற்றத்தை மட்டுமன்றி, அங்கே யார் வாழலாம், எத்தொழில் நிலைக்கலாம் என்பனவற்றையும் அது முடிவு செய்துவிடுகிறது. பினாங்கின் தலைநகராகிய ஜார்ஜ்டவுன் இதற்குத் தக்கதொரு சான்றாகும். அங்குள்ள பழைய கடைவீடுகளின் வரலாற்றை வாடகைக் கட்டுப்பாடு, அதன் நீக்கம், மரபுடைமைப் பாதுகாப்பு என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரையில் காண்போம்.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. வாடகை கட்டுக்கடங்காமல் உயர்வதைத் தடுக்க எழுந்த சட்டங்கள் பின்னர் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக உருப்பெற்றன. 1948 ஜனவரி 31ஆம் நாளுக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களை இச்சட்டம் கட்டுப்படுத்தியது. உரிமையாளர் விருப்பம்போல் வாடகையை உயர்த்தவும் குடியிருப்போரை எளிதில் வெளியேற்றவும் இயலவில்லை. இச்சட்டத்திற்கு உட்பட்ட கட்டடங்கள் பல பினாங்கில் இருந்தன.

இதன் விளைவுகள் இருவகைப்பட்டன. கிடைக்கும் வாடகை மிகக் குறைவாக இருந்தமையால் உரிமையாளர்கள் பழுதுபார்க்க முன்வரவில்லை. கூரைகள் ஒழுகின, சுவர்கள் விரிசல் கண்டன. முதன்மைக் குடியிருப்பாளர்கள் அறைகளைத் தடுத்து உள்வாடகைக்கு விட்டமையால் நெருக்கடியும் மிகுந்தது. மறுபுறம், குடியிருப்போரை வெளியேற்ற முடியாமையால் கட்டடங்களை இடித்துப் புதியன எழுப்பவும் தனியார் முனையவில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பழைய தெருக்கள் பல மறைந்துகொண்டிருந்த காலத்தில் ஜார்ஜ்டவுன் பெரும்பாலும் தன் பழைய உருவிலேயே நின்றது. நகரைப் பாதுகாக்கும் நோக்கம் சிறிதும் இல்லாத ஒரு சட்டம் அதனைப் பாதுகாத்தது எனலாம். எனினும் அரசே மேற்கொண்ட பெருந்திட்டங்களுக்கு இத்தடை பொருந்தவில்லை. 1974இல் கட்டுமானம் தொடங்கி 65 மாடிகளாக எழுந்த கொம்தார் கோபுரத்திற்காகப் பழைய கடைவீட்டு வரிசைகள் இடங்கொடுக்க நேர்ந்தது.

தமிழர் வாழ்வும் கடைவீடும்

இக்குறைந்த வாடகையின் நிழலில் வாழ்ந்தோருள் தமிழரும் அடங்குவர். தமிழர் கடைத்தெரு என வழங்கிய லெபு பாசார், 1833இல் தோன்றிய ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் அமைந்துள்ள லெபு குவீன், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகளும் கோவில் வீடும் அமைந்த லெபு பினாங்கு, தமிழ் முஸ்லிம்களின் வாழ்வோடு இணைந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் சுற்றுப்புறம் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்னே அஞ்சடி என்னும் அமைப்பில் பூ கட்டுவோர், நகை செய்வோர், மளிகை வணிகர், நாணய மாற்றுவோர் முதலியோர் தலைமுறைகளாகத் தொழில் நடத்தினர். குறைந்த முதலில் நடைபெறும் இத்தகு தொழில்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு கண்ணுக்குப் புலப்படாத மானியமாக அமைந்தது. அம்மானியத்தை வழங்கியது அரசன்று. கட்டட உரிமையாளரே என்பதையும் நாம் மறத்தலாகாது. அவர்களுடைய குறைபாடு நியாயமற்றதன்று.

நீக்கமும் விளைவும்

1997இல் வாடகைக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1999 டிசம்பர் இறுதி வரை இடைக்காலம் அளிக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் வாடகை சந்தை நிலைக்கு விடப்பட்டது. பல இடங்களில் வாடகை பன்மடங்கு உயர்ந்தது. பழைய குடும்பங்கள் நகரின் புறப்பகுதிகளுக்குப் பெயர்ந்தன. உயர்ந்த வாடகை தர எவரும் வராத வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றுள் சில உழவாரக் குருவிகளை வளர்த்து அவற்றின் உண்ணத்தக்க கூடுகளை விற்கும் தொழிலுக்கு மாறின. மனிதர் வாழ்ந்த மேல்மாடிகளில் ஒலிபெருக்கிகள் குருவிக்குரல் எழுப்பின.

இங்கு மும்பையை ஒப்புநோக்குதல் பயன் தரும். அங்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாடகை உறைந்து, கட்டடங்கள் சிதைந்தன. ஆயின், 1969இல் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கெனச் சட்டத்தின்வழித் தனி வாரியம் ஒன்று நிறுவப்பட்டு, அதற்கெனச் சிறப்பு வரியும் விதிக்கப்பட்டது. மகாராஷ்டிராவின் 1999ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் பழைய குடியிருப்போரின் பாதுகாப்பைப் பெரிதும் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம், எழுத்துவடிவ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் வலியுறுத்தி, வாடகையை இருதரப்பார் உடன்பாட்டிற்கு விட்டது. மும்பை குடியிருப்போரைக் காத்தது. கட்டடங்களின் சிதைவை முற்றாகத் தடுக்க இயலவில்லை. பினாங்கு உரிமையாளருக்கு உரிமையை மீட்டளித்தது, குடியிருப்போரை இழந்தது. குறையற்ற வழியை இவ்விரண்டிலும் நாம் காணவில்லை.

மரபுடைமைப் பாதுகாப்பு

2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. அதன்பின் நகரம் வேறொரு கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. மரபுடைமைப் பகுதியில் கட்டடங்களின் உயரம் 18 மீட்டர் என வரையறுக்கப்பட்டது. அவ்வரம்பை மீறிய விடுதித் திட்டங்கள் சில முன்னரே ஒப்புதல் பெற்றிருந்தமை அவ்வாண்டிலேயே பெருஞ்சர்ச்சையாயிற்று; 2009இல் யுனெஸ்கோ குழுவினர் நேரில் வந்து ஆராய்ந்தனர். குருவி வளர்ப்பு 2013 இறுதிக்குள் மரபுடைமைப் பகுதியிலிருந்து அகற்றப்பட வேண்டுமென மாநில அரசு ஆணையிட்டது. 2016இல் சிறப்புப் பகுதித் திட்டம் அரசிதழில் வெளியாயிற்று.

இவ்விதிகள் சுவரையும் ஓட்டையும் முகப்பையும் காக்கின்றன. ஆனால் ஜார்ஜ்டவுன் பட்டியலில் சேர்க்கப்பட்டமைக்கு அதன் பன்மைப் பண்பாடு இன்றும் உயிரோடிருப்பதும் ஒரு காரணமாகும். அப்பண்பாட்டைத் தாங்கி நிற்போரின் வாடகையைப் பற்றி விதிகள் பேசுவதில்லை. புகழ் பெருகச் சுற்றுலாவும் பெருகியது. கடைவீடுகள் சிறு விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. முன்னர் ஆள் இருந்தனர், கட்டடம் சிதைந்தது. இன்று கட்டடம் பொலிகிறது, ஆள் குறைகின்றனர்.

முடிவுரை

கட்டுப்பாடு நன்றா, தீதா எனப் பொதுப்பட வினவுதலால் பயனில்லை. அதன் செலவை யார் ஏற்கின்றனர், அதன் பயனை யார் பெறுகின்றனர் என வினவுதலே முறை. பழுதுபார்ப்புக்கு அரசு பொருளுதவி செய்து, அதற்கு ஈடாக நீண்டகாலக் குத்தகையை உரிமையாளரிடம் பெறுதல் இருசாராருக்கும் ஏற்புடைய நடுவழியாக அமையலாம் என்பது நம் கருத்து.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. அஞ்சடி, கிட்டங்கி, கோவில் வீடு, கடைத்தெரு ஆகிய சொற்கள் அவ்விடங்களில் வாழ்ந்தோரின் நாவில் நிலைத்தவை. சட்டம் சுவரைக் காக்கும். சொல்லைக் காப்பதற்குச் சட்டமில்லை. எஞ்சியுள்ள பழங்குடும்பங்களின் வாய்மொழிச் செய்திகளை மாணவரைக் கொண்டு தொகுக்கும் பணியை இனியும் காலந்தாழ்த்தாது தொடங்குதல் வேண்டும்.