நட்சத்திரம் திரும்பி வந்தபோது…

பள்ளிக் குழுவில் சிறந்து விளங்கிய மூத்த மாணவர்கள், பின்னர் அதே குழுவுக்குப் பயிற்சியளிக்கத் திரும்பி வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நன்றாக விளையாடியவர் நன்றாகக் கற்பித்துவிடுவாரா? அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் பேட்ரிக் யூயிங்கின் வாழ்க்கை இக்கேள்விக்கு எளிதான பதில் தரவில்லை.

தாய்க்குக் கொடுத்த வாக்கு

1962ல் ஜமைக்காவில் பிறந்த யூயிங், சிறுவயதில் அமெரிக்காவில் குடியேறிய பிறகே கூடைப்பந்து கற்றார். 1981ல் வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பயிற்றுநர் ஜான் தாம்சனின் வழிகாட்டுதலில், நான்கு ஆண்டுகளில் மூன்று முறை குழு தேசிய இறுதியாட்டத்தை எட்டியது. 1982ல் ஒரே புள்ளியில் வெற்றி நழுவியது. எதிரணியின் வெற்றிப் பந்தை வீசியவர் மைக்கல் ஜோர்டன். 1984ல் வெற்றியாளர் பட்டம் கிட்டியது. 1985ல் இரண்டு புள்ளியில் தோல்வி.

படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றிருந்தால் பெரும்பணம் கிடைத்திருக்கும். ஆனால், பட்டம் பெறுவதாகத் தாயாருக்கு அவர் வாக்களித்திருந்தார். தாயார் 1983ல் காலமானார். 1985ல் நுண்கலைப் பட்டம் பெற்ற பின்னரே யூயிங் நியூயார்க் நிக்ஸ் குழுவில் சேர்ந்தார். அங்கு 15 பருவங்கள் விளையாடினார்.

மீண்டும் தொடக்கநிலை

ஓய்வுபெற்ற பிறகு, புகழை மட்டும் நம்பி அவர் பயிற்றுநராகிவிடவில்லை. தொழில்முறைக் குழுக்களில் ஏறக்குறைய 15 ஆண்டுகள் உதவிப் பயிற்றுநராகப் பணியாற்றினார். 2017ல் பழைய பல்கலைக்கழகமே அவரைத் தலைமைப் பயிற்றுநராக்கியது.

2021 மார்ச் மாதம் நடந்தது யாரும் எதிர்பாராதது. பருவத் தொடக்கத்தில் பிக் ஈஸ்ட் லீக்கின் 11 குழுக்களில் கடைசி இடம் பெறும் என்று கணிக்கப்பட்ட ஜார்ஜ்டவுன், லீக் போட்டியில் நான்கே நாள்களில் நான்கு ஆட்டங்களை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. போட்டி நடந்த இடம், யூயிங் நிக்ஸ் குழுவுக்காக விளையாடிய அதே மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கம். அவரது 33ஆம் எண் சட்டை அங்கே உயரத்தில் தொங்குகிறது. ஆனாலும், பாதுகாவலர்கள் தம்மை நிறுத்தி அனுமதி அட்டை கேட்டதாக அவர் செய்தியாளர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார்!

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அடுத்த பருவத்தில் லீக்கின் 19 ஆட்டங்களிலும் தோல்வி. 2023 மார்ச்சில் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆறு பருவங்களில் 75 வெற்றி, 109 தோல்வி.

நமக்கு என்ன?

ஏழடி உயரத்தையும் பந்தைத் தடுக்கும் வேகத்தையும் மாணவர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியாது. தனக்கு இயல்பாக வந்ததை, இயல்பாக வராத ஒருவருக்கு விளக்குவது வேறொரு திறன். அதைக் கற்கப் பல ஆண்டுகள் செலவிட்டவருக்கே இந்த முடிவு என்றால், பணி எவ்வளவு கடினமானது என்பது புரியும்.

பழைய குழுவுக்கு உதவ விரும்பினால் தயங்காமல் செல்லுங்கள். நீங்கள் வென்ற பதக்கங்களுக்காக இளையோர் முதல் நாள் உங்களை வியந்து பார்ப்பார்கள். இரண்டாம் நாளிலிருந்து, தங்களுக்கு என்ன கற்றுத் தருகிறீர்கள் என்றுதான் பார்ப்பார்கள்.