கோவளத்திலிருந்து எவரெஸ்ட்: வேலைக்குப் போய்க்கொண்டே மலை ஏற லீவு எங்கிருந்து வரும்?

முட்டுக்காடு பாலத்தில் வண்டியை நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் உப்பங்கழி, இன்னொரு பக்கம் கடல். ஏறுவதற்கு ஒரு மேடுகூடக் கண்ணில் படாது. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் வரும் கோவளத்தைச் சேர்ந்த ராஜசேகர் பச்சை, 2023 மே 19 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். மீனவ கிராமத்துக்காரர், தொழில் அலைச்சறுக்குப் பயிற்சி.

அடுத்த நான்காவது நாள், மே 23 அன்று, முத்தமிழ்ச்செல்வி அதே உச்சியை எட்டினார். எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழ்நாட்டுப் பெண் இவர்தான். விருதுநகர் மாவட்டம் சொந்த ஊர், சென்னையில் ஜப்பானிய மொழி ஆசிரியர், இரண்டு பெண் குழந்தைகளின் அம்மா.

இருவருக்கும் பிழைப்பு வேறு, மலை வேறு. அவர்களின் தைரியத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு முதலில் எழும் கேள்வி அதுவல்ல. "இத்தனை நாள் லீவு எப்படிப்பா கிடைக்கும்?" என்பதுதான்.

பாறை இருக்கு, ஏற முடியாது

செங்கல்பட்டு கடற்கரையில் பாறைக்குப் பஞ்சமே இல்லை. மாமல்லபுரம் முழுக்க உறுதியான கிரானைட். ஆனால் அங்குள்ள சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, 1984 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் உள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் சிற்பப் பாறையில் சாக் பொடி பூசிய கையை வைக்க யாருக்கும் அனுமதி கிடையாது, கிடைக்கவும் கூடாது.

அதனால் சென்னைப் பக்கத்துப் பாறை ஏற்றக்காரர்கள் பலருக்கும் கர்நாடகம்தான் மைதானம். ஹம்பியில் கிரானைட் குண்டுப் பாறைகள், பாதாமியில் மணற்கல் சுவர்கள். 'ஷோலே' படம் எடுக்கப்பட்ட ராமநகரா, பெங்களூருவிலிருந்து சுமார் 50 கி.மீ. தூரம்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலைப் பிடித்தால் சனி, ஞாயிறு ஏறிவிட்டு, திங்கள் காலை லாகின் செய்துவிடலாம். வெயில் காலத்தில் இந்தக் கணக்கு உதவாது. பாறை சூடாகி விரல் வியர்த்தால் பிடிமானம் போய்விடும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல சீசன், அதிலும் காலையும் மாலையும்தான் ஏறுவதற்கு ஏற்ற நேரம்.

தினமும் பயிற்சி வேண்டாம்

வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த விளையாட்டில் ஒரு நல்ல செய்தி உண்டு: தினமும் ஏறினால்தான் கெடுதல்.

பாறையில் உடம்பைத் தாங்குவது விரல்கள். விரலை மடக்கும் நாண்களை எலும்போடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்க சின்னச் சின்ன வளையத் திசுக்கள் உள்ளன. தசை சில நாட்களில் தேறிவிடும். நாணுக்கும் வளையத்துக்கும் ரத்த ஓட்டம் குறைவு என்பதால் அவை மெதுவாகத்தான் தேறும், மெதுவாகத்தான் வலுவாகும். புதிதாக வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மூன்று மாதத்தில் தோளும் முதுகும் தயாராகிவிடும், விரல் தயாராகியிருக்காது. வளையம் கிழிந்தால் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் ஏற முடியாது. கீபோர்டு தட்டிச் சம்பாதிப்பவருக்கு இது விளையாட்டுப் பிரச்சினையோடு முடியாது. வேலைக்கும் பாறைக்கும் அவரிடம் இருப்பது அதே பத்து விரல்கள்தானே!

எனவே வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள், நடுவில் ஓய்வு என்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். பயிற்சிச் சுவர் இருக்கும் ஜிம்மில் ஆபீஸ் முடிந்து ஒன்றரை மணி நேரம் போதுமானது. டோக்கியோவில் ஒலிம்பிக்கிற்குள் வந்துவிட்ட இந்த விளையாட்டை, வேலையை விடாமல் ஓரளவு உயரம் வரை கொண்டுபோக முடியும்.

28 நாள் கணக்கு

பனிமலை என்று வந்துவிட்டால் வீக்எண்ட் கணக்கு செல்லாது. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய ஹிமாலயன் மலையேற்ற நிறுவனமும், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும் நடத்தும் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். பாதியில் கிளம்பி வர முடியாது.

இப்போது லீவைக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு உறுதி செய்தது 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு. முதல் இரண்டையும் மொத்தமாகத் தர மேனேஜர் சம்மதித்தாலும் 24 நாள்தான். (நோய் விடுப்பு எடுத்துவிட்டுப் பனிமலையில் எடுத்த போட்டோவை இன்ஸ்டாவில் போடுவது பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.)

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. இந்திய மலையேற்ற அறக்கட்டளை அங்கீகரித்த பயணம் என்றால் ஆண்டுக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு கேட்கலாம். தனியார் நிறுவன ஊழியருக்கு அது கம்பெனியின் மனசைப் பொறுத்தது. சொந்தமாகப் பயிற்சி தந்து பிழைப்பவருக்கோ லீவு என்ற சொல்லே கிடையாது. வகுப்பு இல்லாத நாள், வருமானம் இல்லாத நாள்.

காசு கொடுத்தாலும் குறையாத நாட்கள்

எவரெஸ்ட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். 8,849 மீட்டர் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். உடம்பு அதற்குப் பழக வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. அடிவார முகாமே 5,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதன்பிறகு, உச்சியில் காற்று தணியும் சில நாட்களுக்காகக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது மே மாதத்தின் பிற்பாதியில் வரும்.

கோவளத்துக்காரர் இதையெல்லாம் கடல்மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். மணாலியில் பிறந்தவருக்கு வாசலிலேயே இருக்கும் உயரத்தை இவர் டிக்கெட் எடுத்துத் தேடிப் போக வேண்டும்.

செலவு தனிக்கதை. இருவரும் ஏறிய 2023-ல் நேபாள அரசின் அனுமதிக் கட்டணம் மட்டும் 11,000 டாலர், அப்போதைய மதிப்பில் சுமார் 9 லட்சம் ரூபாய். 2025 செப்டம்பரிலிருந்து அது 15,000 டாலர். ஷெர்பா, ஆக்ஸிஜன், உணவு, உபகரணம் எல்லாம் இதற்கு மேல். மாதச் சம்பளத்தில் இதைச் சேர்ப்பது அரிது. ஸ்பான்சர் அல்லது அரசு உதவி இல்லாமல் பெரும்பாலானோருக்கு நடக்காது. முத்தமிழ்ச்செல்விக்குத் தமிழ்நாடு அரசு நிதி கொடுத்தது.

எவரெஸ்ட் யோசனை இல்லை, அடிப்படைப் பயிற்சி மட்டும் போதும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு நிறுவனங்களின் ஆண்டு அட்டவணையை. அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம் குறைவு, இடங்களும் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். மே மாத வகுப்புக்குப் போக நினைப்பவர் மேனேஜரிடம் பேச வேண்டியது மே மாதத்தில் அல்ல, முந்தைய தீபாவளிக்கு முன்பே.