ஆசிரியர்கள் சங்கம் வைக்கலாம்... ஸ்டிரைக் செய்யலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

2019 ஜனவரி 22. பழைய பென்ஷன் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பு ஸ்டிரைக்கில் இறங்கியது. பப்ளிக் எக்ஸாம் நெருங்கும் நேரத்தில் புதுக்கோட்டை உட்பட மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பாடம் பாதித்தது. தற்காலிக ஆசிரியர்களை எடுப்போம் என்றது அரசு. 30-ம் தேதி போராட்டம் வாபஸ்.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

ஃபேக்டரியில் வேலை நின்றால் முதலாளிக்கு நஷ்டம். அரசுப் பள்ளியில் நின்றால் அரசுக்கு வருமானம் குறையாது. அறந்தாங்கியிலோ கந்தர்வகோட்டையிலோ டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைக்குத்தான் பாடம் போகும். அதுவும் மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குபவர்களால்!

சங்கங்கள் சொல்வது?

2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சம்பளத்தில் 10% பிடித்தம். ஆனால் 2019-ல் உத்தரவாதமான பென்ஷன் இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்துத்தான் வீதிக்கு வந்தோம் என்றார்கள்.

சட்டம்?

2003 ஜூலையில் பென்ஷன் பலன்களைக் குறைத்ததை எதிர்த்து ஸ்டிரைக் நடந்தது. ஜெயலலிதா அரசு சுமார் 1.7 லட்சம் பேரை டிஸ்மிஸ் செய்தது. ஆகஸ்ட் 6-ல் சுப்ரீம் கோர்ட், அரசு ஊழியர்களுக்கு ஸ்டிரைக் அடிப்படை உரிமை அல்ல என்றது. பெரும்பாலானோர் மீண்டும் வேலைக்குச் சேர்ந்தார்கள். சங்கம் அமைக்கும் உரிமை மட்டும் அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவில் அப்படியே இருக்கிறது.

ஆக, தடை இருந்தும் 16 வருஷத்தில் அதே பென்ஷன் பிரச்சினை திரும்ப வந்தது. ஸ்டிரைக் கூடாது என்பவர்கள், குறையைத் தீர்க்க வேறு வழியையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறையும் பாடத்தை இழப்பது அந்தப் பிள்ளைதான்.