விதைக்கு வேலி வேண்டும்

பயிருக்கு வேலியிடும் வித்தையைச் சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள குடியானவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. கிளுவை முள்ளை நட்டு ஆடுமாடுகளைத் தடுப்பார்கள். வரப்பை உயர்த்தி வெள்ளத்தைத் தடுப்பார்கள். ஆனால், அயல் காட்டிலிருந்து வரும் தேனீயை எந்த முள் தடுக்கும்? விதைப் பொட்டலத்துக்குள்ளேயே ஒளிந்து வரும் வேற்று மரபணுவை எந்த வரப்பு தடுக்கும்? இவ்வேலியைத் தனி ஒருவர் இட முடியாது. சட்டமும் சர்க்காரும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தே இட வேண்டும். இது குறித்தே இன்று நேயர்களுடன் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

சில காலத்துக்கு முன் தலைவாசல் பக்கத்துக் கிராமமொன்றில் ஒரு விவசாயியைச் சந்தித்தோம். ரசாயன உரத்தையும் பூச்சி மருந்தையும் விட்டொழித்து, இரண்டு வருஷம் குறைந்த மகசூலைப் பொறுத்துக்கொண்டு, இயற்கை விவசாய அத்தாட்சி பெறும் தறுவாயில் இருந்தவர் அவர். அவருடைய பருத்தி மாதிரியைச் சோதித்தபோது அதில் பி.டி. மரபணு காணப்பட்டது. வாங்கிய விதையிலேயே கலந்திருந்ததோ, தேனீ கொணர்ந்ததோ, எவராலும் சொல்ல இயலவில்லை. அடுத்த காடு அவருடைய பங்காளியினுடையது. அதில் நின்றது பி.டி. பருத்தி. "வக்கீலய்யா, பங்காளி விதைச்சதும் தப்பில்லைங்க, நான் விதைச்சதும் தப்பில்லைங்க. அப்படீன்னா என் நஷ்டத்துக்கு யாருங்க பொறுப்பு?" என்று அவர் கேட்டார். எத்தனையோ வருஷங்கள் கோர்ட்டுகளில் வாதாடிய நமக்கு, அந்த இடத்தில் நாவெழவில்லை.

நம் ஜில்லாவும் பருத்தியும்

பருத்திக்கும் நம் பிரதேசத்துக்கும் உள்ள உறவு பழமையானது. முற்காலத்தில் பருத்தி வியாபாரிகள் 'சேலம்ஸ்' என்று நம் ஊர்ப் பெயராலேயே ஒரு ரகத்தை அழைத்து வந்தனர். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் காந்தி ஆசிரமத்தை நிறுவிக் கதர்த் தொண்டு நடத்தியதும் இந்தப் பருத்தியையும் இந்த மக்களின் கைராட்டினத்தையும் நம்பியே. இன்றும் கொங்கணாபுரத்தில் திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் நடத்தும் ஏலத்துக்குச் சுற்று வட்டார விவசாயிகள் மூட்டை மூட்டையாகப் பருத்தி கொண்டு வருகின்றனர்.

பி.டி. பருத்தியின் சரித்திரத்திலும் நம் ஜில்லாவுக்கு ஓர் இடம் உண்டு. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைப் பருத்திச் செடிக்குள் புகுத்தினால், காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கிக்கொள்ளும். இத்தகைய பருத்திக்கு மத்திய சர்க்கார் 26-3-2002 அன்று முதன்முதலாக அனுமதி வழங்கிற்று. அதற்கு முன்னரே, 2001-ல், அனுமதி பெறாத பி.டி. விதை குஜராத் வயல்களில் முளைத்துவிட்டது என்பதையும் மறத்தலாகாது. நம் ஆத்தூரில் 1973-ல் தோன்றிய ராசி சீட்ஸ் கம்பெனி இம்மரபணுவை உரிமம் பெற்று, தன்னுடைய வீரிய ஒட்டு ரகத்தில் சேர்த்து 2004-ல் அனுமதி பெற்றது. பின்னர் சில வருஷங்களுக்குள்ளாகவே இந்தியாவின் பருத்தி நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் பி.டி. பருத்தியாயிற்று. ஆகவே, இயற்கைப் பருத்தி பயிரிட விரும்புவோர் கடலின் நடுவே தீவு போல் நிற்கின்றனர்.

பி.டி. பருத்தியை விதைத்த குடியானவரை நாம் குறை கூறவில்லை. தொடக்க வருஷங்களில் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் செலவு குறைந்தது உண்மை. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டதும் உண்மை. 2010-ல் குஜராத்தின் சில ஜில்லாக்களைக் குறித்து விதைக் கம்பெனியே இதை ஒப்புக்கொண்டது. இதில் இயற்கை விவசாயிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. அதே நுண்ணுயிரைத் தெளிப்பானாக உபயோகித்துப் புழுவை அடக்குவது இயற்கை விவசாயத்தில் நெடுநாளாக உள்ள முறை. புழு நஞ்சுக்குப் பழகிவிட்டால் அந்த ஆயுதமும் மழுங்கிவிடும்.

கலப்பு நுழையும் மூன்று வாசல்கள்

மத்திய வர்த்தக இலாகாவின் கீழ் நடக்கும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தில் மரபணு மாற்றிய விதைக்கு இடமே இல்லை. வருஷப் பயிருக்கு இரண்டு வருஷ மாற்றுக் காலம் வேண்டும். சிறு விவசாயிகள் 25 பேர் முதல் 500 பேர் வரை குழுவாகச் சேர்ந்து அத்தாட்சி பெறலாம். குழுவில் ஒருவர் மூட்டையில் கலப்பு நேர்ந்தால், ஒன்றாகக் குவித்த அத்தனை பேருடைய பருத்தியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஆதலின், கலப்பு எங்கே நுழைகிறது என்பதைத் தெளிவாக அறிதல் அவசியம்.

முதல் வாசல் விதை. பி.டி. அல்லாத விதை கடைகளில் கிடைப்பதே அரிதாயிற்று. கிடைத்தாலும் அதன் தூய்மைக்கு உறுதி இல்லை. விதையே கெட்டிருக்குமானால், பின்னர் எத்தனை சாணமும் பஞ்சகவ்யமும் இட்டென்ன?

இரண்டாவது வாசல் பூ. பருத்திப் பூ காலையில் வெளிர் நிறத்துடன் மலர்ந்து, மறுநாள் சிவந்து வாடிவிடும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். அதன் மகரந்தம் கனமும் பசையும் உடையது. காற்றில் நெடுந்தூரம் பறவாது. தேனீயும் வண்டுமே அதைச் சுமக்கும். ஆகவே தூரம் ஓரளவு காப்பாகும். சான்று விதைப் பருத்திக்கு 30 மீட்டரும், ஆதார விதைக்கு 50 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது விதைச் சான்று விதி. ஆனால் இரண்டு ஏக்கர் உள்ளவர் நான்கு புறமும் முப்பது மீட்டர் விட்டால், விதைப்பதற்கு அவரிடம் மிஞ்சுவது என்ன?

இங்கே நம் முன்னோர் பயிரிட்ட பருத்தி ஒரு வழி காட்டுகிறது. கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்திக்குக் குரோமோசோம்கள் 26. பி.டி. மரபணுவைச் சுமக்கும் அமெரிக்க இனப் பருத்திக்கோ 52. இவ்விரண்டும் வயலில் எளிதில் கலந்து விதை பிடிப்பதில்லை. பங்காளியின் காடு பக்கத்திலேயே இருந்தாலும், நாட்டுப் பருத்திக்கு இயற்கையே வேலியிட்டிருக்கிறது. அதன் இழை குட்டை, ஆலைக்காரர் விலை குறைத்தே கேட்பார்கள் என்பது மெய். கைத்தறியும் கதரும் அதற்கு உரிய இடமாகும்.

மூன்றாவது வாசல் ஜின்னிங் ஆலையும் வியாபாரமும். ஓர் இயந்திரத்தில் காலையில் பி.டி. பருத்தியையும் மாலையில் இயற்கைப் பருத்தியையும் அரைத்தால், தேனீ செய்யாத கலப்பை அந்த இயந்திரம் செய்துவிடும். 2010-ல் ஜெர்மனியில் ஒரு சோதனைச்சாலை பரிசோதித்த இயற்கைப் பருத்தி மாதிரிகளில் ஏறக்குறைய 30 சதவிகிதத்தில் மரபணு மாற்றம் காணப்பட்டதாக அங்குள்ள பத்திரிகை எழுதிற்று. இந்தியப் பருத்தியே பெரிதும் குற்றம் சாட்டப்பட்டது. 2020-ல் சர்வதேச இயற்கைத் துணி அத்தாட்சி ஸ்தாபனம், இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் பொய் அத்தாட்சிகள் புழங்கியதைக் கண்டுபிடித்து, 11 கம்பெனிகளை விலக்கி வைத்தது. சில வியாபாரிகளின் பொய்யால், நேர்மையாக உழுத ஆயிரக்கணக்கான விவசாயிகளின் பெயர் கெட்டது. பஞ்சிலும் விதையிலும் மரபணுவைக் கண்டறியலாம். நூலாகிச் சாயம் ஏறிய பிறகு அந்த அடையாளம் சிதைந்துபோகும். ஆகவே ஆலை வாசலிலேயே காவல் வேண்டும்.

கோழித் தீவனம்

நாமக்கல் ஜில்லாவின் ஜீவாதாரமான கோழிப் பண்ணைகளையும் இவ்விஷயம் தொடுகிறது. தீவன விலை ஏறியபோது, 2021 ஆகஸ்டில், மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய சர்க்கார் அனுமதித்தது. அரைத்து எண்ணெய் எடுத்த புண்ணாக்கில் உயிருள்ள வித்து இல்லை. அது முளைக்காது, அயல் காட்டைக் கெடுக்காது. இதில் வீண் பீதி கிளப்புவது நியாயமன்று. ஆயினும் இயற்கை முட்டை என்று விற்பவர் அத்தீவனத்தை இடலாகாது என்பது விதி. வாங்குவோருக்கு வேற்றுமை தெரிய வேண்டும். பருத்திக்கொட்டையின் நிலை வேறு. அரைக்காத கொட்டை உயிருள்ள வித்து. மாட்டுக்கு வைக்கும்போது தொழுவத்தருகில் சிந்தினால் முளைத்துப் பூக்கும். மக்காச்சோளத்தில் இத்தகைய விதை சாகுபடிக்கு வருமாயின், பிரச்னை பருத்தியினும் பன்மடங்கு கடினமாகும். சோளக் கதிரின் மகரந்தத்தைச் சுமப்பது தேனீ அன்று, காற்று.

நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

நிற்க. அந்த விவசாயியின் கேள்விக்கு வருவோம். இதே கேள்வி அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் எழுந்துள்ளது. மேற்கு ஆஸ்திரேலியாவில் கோஜனப் என்ற ஊரில் மார்ஷ் என்பவர் இயற்கை விவசாயி. 2010-ல் அயலார் பாக்ஸ்டரின் மரபணு மாற்றிய கனோலாக் கதிர்கள் காற்றில் பறந்து மார்ஷின் நிலத்தில் விழுந்தன. நிலத்தில் ஏறக்குறைய 70 சதவிகிதத்துக்கு அவர் அத்தாட்சியை இழந்தார். வழக்குத் தொடுத்தார். அயலார் வழக்கமான அறுவடை முறையையே கைக்கொண்டார், அவர்மீது குற்றமில்லை என்று 2014-ல் தீர்ப்பாயிற்று. 2015-ல் அப்பீலும், இரண்டு நீதிபதிகள் ஒரு பக்கமும் ஒருவர் மறு பக்கமுமாகப் பிரிந்து, தள்ளப்பட்டது.

ஜெர்மனியின் சட்டமோ நேர்மாறானது. மரபணு மாற்றிய பயிரால் அயலாருக்கு நஷ்டம் நேர்ந்தால், கவனக்குறைவு இருந்ததா என்று பாராமலே பயிரிட்டவர் ஈடு செய்ய வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதை அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் 2010 நவம்பரில் நிலைநிறுத்திற்று.

நம் தேசத்திலோ 1986-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 1989-ல் செய்த விதிகளும் மரபணு மாற்றிய உயிர்களை ஆளுகின்றன. அவை அனுமதியைப் பற்றிப் பேசுகின்றன. கலப்பால் நஷ்டமடைந்த குடியானவருக்கு எளிதில் ஈடு கிடைக்கும் வழியைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் நமக்கு ஆதாரம் இல்லாமலில்லை. நம் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளைக் குறித்த வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்பதும் இந்தியச் சட்டத்தின் பாகங்களே என்று சுப்ரீம் கோர்ட் 1996-ல் கூறியது. அந்தத் தத்துவம் பாலாற்றங்கரையோடு நின்றுவிட வேண்டுமா?

எனினும், ஜெர்மானியச் சட்டத்தை அப்படியே இங்கு கொணர்வதை நாம் ஆதரிக்கவில்லை. பங்காளிக்குப் பங்காளி பிராது கொடுத்தால் இரண்டு காடும் வக்கீல் பீஸுக்கே போகும். இதை வக்கீலாகவே சொல்கிறோம். விதை விற்பனையால் லாபம் அடைந்தவர் விதைக் கம்பெனியார். விற்க அனுமதித்தவர் சர்க்கார். ஆகவே, விற்கும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் சிறு தொகை வசூலித்து ஒரு நிதி வைத்து, கலப்பால் அத்தாட்சி இழந்தவருக்கு அதிலிருந்து ஈடு கொடுத்தல் நியாயமாகும்.

செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டு சர்க்கார் 2023 மார்ச்சில் இயற்கை விவசாயக் கொள்கையை வெளியிட்டது. கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு அத்தாட்சி இலாகாவும் நடத்தி வருகிறது. கொள்கை காகிதத்தோடு நில்லாதிருக்க மூன்று காரியங்களைக் கோருகிறோம். முதலாவது, பி.டி. அல்லாத பருத்தி விதையைச் சர்க்கார் பண்ணைகளிலும் விதைக் கிராமங்களிலும் பெருக்கி, சோதித்து, ஆடிப் பட்டத்துக்கு முன் கொடுக்க வேண்டும். இரண்டாவது, விற்பனைச் சங்கங்கள் தோறும் சோதனைப் பட்டைகள் இருக்க வேண்டும். நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய அத்தகைய சாதனத்தால், விதையிலோ இலையிலோ பி.டி. நஞ்சு உண்டா என்பதைச் சில நிமிஷங்களில் காணலாம். இயற்கைப் பருத்திக்குத் தனி ஏல நாளும், சுத்தம் செய்த தனி ஜின்னிங் இயந்திரமும் வேண்டும். மூன்றாவது, மேலே கூறிய ஈட்டு நிதி.

குடியானவர்கள் செய்ய வேண்டுவதும் உண்டு. விதைக்குமுன் அயலாருடன் அமர்ந்து பேசி, யார் எதை எங்கே விதைப்பது என்று முடிவு செய்தல் நம் கிராமங்களில் புதிதன்று. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சியவர்கள் நாம். இரு பயிரும் ஒரே சமயம் பூக்காமல் விதைப்பு நாளைச் சில வாரங்கள் தள்ளலாம். எல்லையோரத்து வரிசைகளின் பருத்தியைத் தனியாக எடுத்துச் சாதாரணச் சந்தையில் விற்கலாம்.

பி.டி. கத்திரிக்காய் வரவிருந்தபோது தேசமெங்கும் ஜனங்கள் குரல் எழுப்பினர். 9-2-2010 அன்று மத்திய மந்திரி ஜெயராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். ஜனங்கள் பேசினால் சர்க்கார் கேட்கும் என்பதற்கு அது அத்தாட்சி. கத்திரிக்காய்க்குக் கிடைத்த காவல் பருத்திக்குக் கிடைக்கவில்லை. பருத்தியை நாம் உண்பதில்லை என்பதால் நம் கவனமும் அதன்மேல் செல்லவில்லை போலும்.

எதை விதைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பி.டி. விதைப்பவருக்கு உண்டென்றால், விதைக்காதவருக்கும் அது உண்டு. ஒருவருடைய உரிமை மற்றவருடைய நிலத்தில் முளைக்கலாகாது. தலைவாசல் விவசாயி அடுத்த ஆடிக்கும் விதைக்கப் போவதாகச் சொன்னார். அதற்குள் அவர் கையில் நல்ல விதையையும், அவர் கேள்விக்கு நேரான விடையையும் கொடுப்பது நம் பொது ஊழியர்களின் கடமையாகும்.